அவ ஒண்டும் சொல்லமாட்டா எண்டு ஆர் சொன்னது?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, கிளிநொச்சி. வேலைய விட்டிட்டு மாங்குளம் பக்கமும் இரணைமடுவிலயும் ஒரு முழுநீளப் படம் எடுத்து முடிச்சிட்டன். கமராவும் ட்ரோனும் என்ர சொந்தம். மிச்சச் செலவுக்குத் தங்கச்சியின்ட சோடிக் காப்ப அடைவு வச்சனான், அவ ஒண்டும் சொல்லமாட்டா. வங்காளத்து டிரெக்டர் சத்யஜித் ரேயும் மனிசியின்ட நகைய வச்சுத்தானே முதல் படம் 'பதேர் பாஞ்சாலி' எடுத்தவர். இப்ப இஞ்சத்த தியேட்டர் ஹோல்காரர் என்ர படத்தை எடுக்கினம் இல்லை. ரொறொன்ரோவில ஒரு அண்ணை முழு உரிமையையும் எழுதித் தாரும், ஓடினாப் பங்கு தாறன் எண்டுறார். குடுக்கவோ? அம்மாவின்ட காணி உறுதிய வச்சு ரெண்டாவது படம் தொடங்கவோ?

பதில்: தம்பி, ஹோல், ரொறொன்ரோ எல்லாம் பிறகு கதைப்பம். "அவ ஒண்டும் சொல்லமாட்டா" எண்டு அரை வரி எழுதிப்போட்டு அடுத்த கதைக்குப் போட்டீர், நான் அதிலதான் நிக்கிறன். கேட்டனீரோ? கேட்டிருந்தா "ஓம் எண்டவ" எண்டெல்லோ எழுதியிருப்பீர். வன்னியில ஒரு பொம்பிளப் பிள்ளையின்ட கையில சோடிக் காப்பு இருக்கெண்டா அது சும்மா வந்ததில்லை. 2009ல கனபேரின்ட நகை அரிசிக்கும் மாவுக்கும் போய், முகாமால வெறுங்கையோட வந்து, பிறகு கூலி, கச்சான், சீட்டு எண்டு பவுண் பவுணாச் சேத்ததுகள். உங்கட வீட்டுக் காப்பு எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்.

லீசிங் கட்ட, வெளிநாடு போக, கடை போட எண்டு தங்கச்சிமாரின்ட நகைய எடுத்த அண்ணன்மாரின்ட கடிதம் இஞ்ச எத்தினை வந்திட்டுது, எல்லாத்திலயும் இந்த அரை வரி இருக்கும். வாய் திறக்காத பிள்ளைய சம்மதிச்ச பிள்ளையா எடுக்கிறது அநியாயம்.

ரேயைச் சாட்டுக்கு இழுக்காதேயும். அவர் விளம்பரக் கம்பனி வேலைய விடாமல், லீவு நாளில படம் பிடிச்சவர். தன்ர இன்சூரன்ஸ் பொலிசிய வச்சு, ஆசையாச் சேத்த இசைத்தட்டுகளையும் வித்து, அதுவும் காணாமல்தான் மனிசியின்ட நகைக்கு வந்தவர், கடைசியா மேற்கு வங்க அரசாங்கம் காசு குடுத்துத்தான் 1955ல படம் வெளிய வந்தது. உம்மட கமராவும் ட்ரோனும் வீட்டில பத்திரமா இருக்கு, தங்கச்சியின்ட காப்பு பாங்கில. வெக்கமா இல்லையோ?

படம் தயாரிக்கிறதெண்டா மற்றவையின்ட காசுக்குப் பதில் சொல்லுறது. உமக்கு முதல் காசு போட்ட ஆள் தங்கச்சி. அவவிட்டயே கேக்காத நீர் நடிச்ச ஆக்களிட்டயும் மியூசிக் போட்ட பெடியனிட்டயும் எழுத்தில கையெழுத்து வேண்டியிருப்பீரோ? எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கடுதாசி இல்லாட்டி ஓடிடியும் ஒழுங்கான விநியோகஸ்தரும் படத்தைத் தொடமாட்டினம், அதால முதல் அந்த ஆக்களிட்டப் போம்.

ரொறொன்ரோ அண்ணைக்கு முழு உரிமை குடுக்கவே கூடாது. கனடாவுக்கு மட்டும், ரெண்டு வருசத்துக்கு மட்டும், கையில அட்வான்ஸ், வித்த ரிக்கெற்றுக்குக் கணக்கு, எல்லாம் எழுத்தில. "ஓடினாப் பங்கு" எண்டா ஹோல் வாடகை, போஸ்டர், அவற்ற அலைச்சல் எல்லாம் கழிச்சு மிஞ்சினாத்தான் பங்கு, கழிக்கிறதும் அவர்தான். லண்டன், பாரிஸ், ஓடிடி உரிமையெல்லாம் உம்மட கையில இருக்கட்டும். அமெரிக்காவில ரோஜர் கோர்மன் 1950கள்ல சின்னச் செலவில படம் எடுத்து, முடிஞ்ச படத்தைக் குடுக்கேக்கயே அடுத்த படங்களுக்கு விநியோகக் கம்பனியிட்ட அட்வான்ஸ் கேட்டு வேண்டினவர், 1970ல தானே விநியோகக் கம்பனி தொடங்கினவர். வீட்டுப் பொம்பிளையளின்ட கையப் பாத்துக்கொண்டு நிக்காமல் அவரைப் போல வேண்டுற ஆளிட்டக் காசு கேக்கப் பழகும்.

இஞ்ச ஹோல்காரர் எடுக்காட்டி, தணிக்கைச் சான்றிதழ எடுத்துப்போட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில மண்டபமும் புரொஜெக்டரும் வாடகைக்குப் பிடிச்சு சனி ஞாயிறு நீரே காட்டும், மாங்குளச் சனம் தங்கட ஊரைப் பாக்க வரும். வாற முதல் காசு காப்புக்கு. காணாட்டி ட்ரோன வியும்.

காணி உறுதியப் பற்றிக் கேக்கவே கேக்காதேயும். உறுதி துலைஞ்சு, பெமிற் இல்லாமல் பிரதேச செயலகத்துக்கு நடையா நடக்கிற சனத்துக்கு நடுவில இருந்துகொண்டு இதை எழுத உமக்கு எப்பிடி மனம் வந்தது? ரெண்டாவது படம் காப்பு மீட்ட பிறகு.

அடைவுத் துண்டு உம்மட பேர்சிலதானே கிடக்கும், தவணை எப்ப முடியுதெண்டு பாரும், முடிஞ்சா ஏலம். இண்டைக்கே அதைத் தங்கச்சியின்ட கையில குடுத்து, எவ்வளவுக்கு வச்சனான், வட்டி எவ்வளவு எண்டு அவவுக்குச் சொல்லும்.