‘மசக்கைதானே’ன்னு திருப்பி அனுப்பினா என்ன செய்யிறது? – கேள்வி பதில்

கர்ப்பகால வாந்தி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான், டாக்டர் இல்லை. மருந்துப் பெயர்களைச் சொல்வது நீங்கள் டாக்டரிடம் விவரமாகக் கேட்பதற்காக. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு அல்ல.

தங்கச்சிமடம்: அக்கா, எனக்கு ஒன்பதாவது வாரம். பச்சத்தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்துருது. மாமியார், “நாங்கல்லாம் வாந்தி எடுக்காமயா பெத்தோம்”ங்கிறாங்க. எப்பத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

இப்பவே கிளம்பும்மா. மாமியார் சொல்வதில் பாதி சரி. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ இருக்கத்தான் செய்யும். ஆனால் நூற்றில் ஒருவருக்கு, மிஞ்சிப்போனால் மூன்று பேருக்கு, அது எல்லை மீறிப் போகும். ‘ஹைப்பரெமெசிஸ்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். அது நோய், அதற்கு வைத்தியம் உண்டு.

ஒரு நாள் முழுக்க எதுவும் வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, போனாலும் கட்டஞ்சாயா நிறத்தில் சொட்டுகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் போதும். எடையையும் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கினால் கணக்கில் எடுக்க வேண்டும். 50 கிலோ இருந்தவர் 47.5க்கு வந்துவிட்டால் அது சாதாரண மசக்கை இல்லை. முதல் எடை தாய் சேய் நல அட்டையில் இருக்கும், மறக்காமல் கொண்டுபோங்கள். ஒன்பதாவது வாரத்தை ஒட்டித்தான் வாந்தி உச்சத்துக்குப் போகும், 16 முதல் 20 வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். தண்ணீரே தங்காதவர் அதுவரை காத்திருக்க முடியாது.

மண்டபம்: பக்கத்துல ஒரு கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி, ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. சாயங்காலமே மறுபடி வாந்தி. ட்ரிப்ஸ் ஏத்தியும் ஏன் சரியாகல?

நம் பக்கம் அதிகம் நடப்பது இதுதான், எனக்கு ஆகாததும் இதுதான். தொங்குகிற பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘டெக்ஸ்ட்ரோஸ்’ என்றால் சர்க்கரைத் தண்ணீர். வாந்தியில் நீங்கள் இழந்தது தண்ணீரும் உப்பும். அதற்கு முதலில் வேண்டியது ‘சோடியம் குளோரைடு 0.9%’, அதாவது நார்மல் சலைன். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதையும் சேர்த்து மெதுவாக ஏற்ற வேண்டும். பொட்டாசியம் இறங்கினால் கைகால் துவண்டுபோகும், இதயத் துடிப்பும் தடுமாறும். அரை லிட்டர் பாட்டில் ஒன்று எந்த மூலைக்கு? நன்றாக வறண்டு வந்தவருக்கு முதல் நாளே இரண்டு மூன்று லிட்டர்கூடப் போகும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். வாரக்கணக்கில் சாப்பிடாதவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் கரைந்து மூளை பாதிக்கப்படலாம். பேச்சில் குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது இதன் அறிகுறிகள். அதனால்தான் குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் கொடுக்க வேண்டும் என்பது. “டாக்டர், ரொம்ப நாளா சாப்பாடு இல்ல, தயமின் போட்டாச்சா?” என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின் பார்த்தார்களா, ஸ்கேன் எடுத்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தையாக இருந்தாலும், முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக (குழந்தை சரியாக உருவாகாமல் நச்சுக்கொடி முத்து முத்தாக வளர்வது) இருந்தாலும் வாந்தி இப்படித்தான் கடுமையாகும்.

உச்சிப்புளி (கணவர்): யூரின்ல அசிட்டோன் இல்ல, அதனால பெட்ல சேர்க்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆனா அவ எந்திரிச்சு நடக்கவே முடியல.

தம்பி, அசிட்டோனை வைத்து முடிவெடுப்பது பழைய வழக்கம். சாப்பாடு இறங்காமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சிறுநீரில் வரும் கீட்டோன்களில் ஒன்றுதான் அது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2024இல் புதுப்பித்த வழிகாட்டி, சிறுநீர்க் கீட்டோன் உடம்பு வறட்சியைக் காட்டாது, நோயின் கடுமையை அதைக் கொண்டு அளக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்த உப்புகள், எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, இவைதான் கணக்கு.

ஒரு காரியம் செய்யுங்கள். இன்று காலையிலிருந்து எத்தனை முறை வாந்தி, என்ன குடித்தாள், எத்தனை முறை சிறுநீர் என்று நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். “ரொம்ப வாந்தி டாக்டர்” என்றால் காதில் ஏறாது. “காலை ஆறிலிருந்து பதினோரு தடவை, யூரின் ஒரே தடவை, எடை மூணு கிலோ கம்மி” என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தேவிபட்டினம்: மாத்திரை போட்டா பிள்ளைக்கு ஊனம் வரும்னு பயமுறுத்துறாங்களே?

அந்தப் பயத்துக்கு வேர் தாலிடோமைடு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, பிள்ளைகள் கைகால் குறையோடு பிறந்ததால் 1961இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. இன்று நமக்கு முதலில் கொடுப்பது அது இல்லை. டாக்ஸிலமினும் பைரிடாக்ஸினும் (பி6) சேர்ந்த மாத்திரை. இதே சேர்க்கை அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து 1983இல் நிறுத்தப்பட்டது. ஊனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வுகள் காட்டி, 2013இல் அந்த நாட்டு அரசே மறுபடி அனுமதித்தது. முக்கியமாகத் தூக்கம் வரும்.

அது கேட்காவிட்டால் மெட்டோகுளோப்ரமைடு, ஆன்டன்செட்ரான் என்று போவார்கள். மெட்டோகுளோப்ரமைடு போட்டபின் கழுத்து இழுத்தாலோ கண் மேலே செருகினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஆன்டன்செட்ரானை முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் உதடு, அண்ணம் பிளவு பத்தாயிரத்தில் சுமார் மூன்று குழந்தைகளுக்குக் கூடுதலாக வரலாம் என்று ஒரு கணக்கு உண்டு. மிகச் சிறிய அபாயம். சாப்பாடில்லாமல் வறண்டுகிடக்கும் தாய்க்கு வேறெதுவும் கேட்காதபோது, எடைபோட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மலச்சிக்கல் வரும், அதைச் சமாளிக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயல்குடி: சுக்குத் தண்ணி, கருப்பட்டி, பதநீர்?

லேசான குமட்டலுக்கு இஞ்சி உதவும். தங்கினால் பதநீரும் குடிக்கலாம். தங்காதவருக்கு இவை எதுவும் வைத்தியமாகாது. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை விட வேண்டாம்.

பாம்பன்: ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடிக்கலாமா? எங்க தண்ணி உப்பு.

உப்புத் தண்ணீரில் கரைக்கவே கரைக்காதீர்கள், அளவு கெட்டுவிடும். விலைக்கு வாங்கும் குடிநீர் ஒரு லிட்டருக்குச் சுகாதார நிலையத்தில் தரும் பெரிய பாக்கெட் ஒன்று முழுதாக. கடையில் விற்கும் இனிப்பு ஜூஸ் டப்பா இதற்கு ஈடாகாது. டம்ளர் டம்ளராகக் குடிக்காமல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன்.

சின்னப்பாலம் பக்கம்: நான் பாசி எடுக்கப் போறவ. போகலன்னா அன்னாடக் கூலி போச்சு. தலை சுத்தலோட கடல்ல இறங்கலாமா?

வேண்டாம்மா. மூச்சை அடக்கி முங்கும் வேலை அது. தலைசுற்றலும் வாந்தியும் தண்ணீருக்கடியில் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கவனிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூலியை நினைத்துத்தான் போவீர்கள் என்று தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் தவணையாகத்தான் வரும், நாளைய அடுப்புக்கு உதவாது. அதனால் இந்தச் சில வாரம் கரையில் செய்யும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று உங்கள் செட்டுப் பெண்களிடமே பேசிப் பாருங்கள்.

பெரியபட்டினம்: நோன்பு வைக்கலாமா?

வாந்தியில் வறண்டிருப்பவர் வைக்கக் கூடாது என்பதுதான் மருத்துவம். கர்ப்பிணிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு வைத்து ஈடுகட்டலாம் (கழா). முறையை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரை: “பிடிக்காத கர்ப்பம், அதான் வாந்தி”ன்னு சொந்தக்காரங்க பேசுறாங்க. மனசுதான் காரணமா?

இல்லை. நச்சுக்கொடியிலிருந்து வரும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன்தான் பெரிய காரணம் என்று 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வந்தது. கர்ப்பத்துக்கு முன் உடம்பில் அது குறைவாக இருந்து பழகியவர்களை, திடீரென்று கூடும்போது ஆட்டிவைக்கிறது. அந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த மார்லினா ஃபெய்சோ, தானே இந்த வாந்தியில் கிடந்து குழந்தையை இழந்தவர். பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், கேட்டால் சரி.

ஊர் வேண்டாம் என்றவர்: தாங்க முடியல. கலைச்சிடலாமான்னு தோணுது. இப்படி நெனக்கிறது பாவமா?

பாவமில்லை. இந்த நோயில் கிடப்பவர்கள் பலருக்கு அந்த நினைப்பு வரும். சட்டப்படி அந்த வழி இருக்கிறது, முடிவும் உங்களுடையது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு உண்மையிலேயே முழு வைத்தியம் கிடைத்ததா? பெட்டில் சேர்த்து, சலைன், தயமின், நேரம் தவறாமல் வாந்தி மருந்து இவையெல்லாம் பார்த்தபின்னும் முடியவில்லை என்றால் அது வேறு. ஒரு பாட்டிலோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், முதலில் வைத்தியத்தைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம், காசில்லை.

ராமேஸ்வரம்: ராத்திரி ரெண்டு மணிக்கு மயங்கிட்டா என்ன செய்ய?

108. இங்குள்ள ஜி.எச்.சில் முதலில் சலைன் போடச் சொல்லுங்கள். ரத்த உப்பு பார்க்கும் வசதி அந்த நேரத்தில் இல்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸிலேயே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, சொந்தமாகக் கார் பிடித்து ட்ரிப்ஸ் இல்லாமல் போகாதீர்கள். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம். பெட்டில் படுத்தே கிடப்பவருக்குக் காலில் ரத்தம் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நர்சிடம் உடனே சொல்ல வேண்டும்.

திருப்பாலைக்குடி: எனக்கு ஏழாவது மாசம். இதுவரை ஒண்ணும் இல்ல, இப்ப ரெண்டு நாளா வாந்தி, தலைவலி, மேல்வயித்துல வலி. இதுவும் மசக்கைதானா?

இது மசக்கை இல்லவே இல்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். இதைப் படித்ததும் வேறெதையும் பார்க்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.