அப்பா வாங்கிய சான்ட்ரோவை விற்கலாமா?

கேள்வி: 2008-ல் அப்பா வாங்கிய சான்ட்ரோ ஜிங் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. இதுவரை ஓடியது 61,000 கிலோமீட்டர்தான். ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். கோயில், கடைத்தெரு தவிர வேறெங்கும் எடுப்பதில்லை. “நடுவழியில் நிறுத்திவிடும், வந்த விலைக்குத் தள்ளிவிடு” என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: விற்காதீர்கள் அம்மா. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வரத் தொடங்கிய நாளிலிருந்து மதுரையில் இந்த வண்டியைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த 1.1 லிட்டர் இன்ஜினுக்கு 61,000 பெரிய ஓட்டமே இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. குறைவாக ஓடிய வண்டியில் இன்ஜின் தேயாது, ரப்பர் கெடும். நிறுத்தி வைத்தாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் டைமிங் பெல்ட். பிஸ்டனும் வால்வுகளும் ஒன்றோடொன்று மோதாமல், நேரம் தவறாமல் இயங்க வைப்பது இதுதான். இந்த இன்ஜினில் இருப்பது செயின் இல்லை, ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளை இடித்து வளைத்துவிடும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் ஆசிரியரின் வண்டி 48,000தான் ஓடியிருந்தது. கிலோமீட்டர் ஆகட்டும் என்று நானே பெல்ட்டைத் தள்ளிப்போட்டேன். விராலிமலை அருகே அறுந்து, கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன். நேரான வால்வு சத்தமில்லாமல் உருண்டு போகும். அவை தள்ளாடித் தள்ளாடி நின்றன. பக்கத்தில் நின்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகிவிட்டால், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுகிறேன்.

அடுத்தது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலால் உள்விளிம்பைத் தடவுங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் சரி. விரலில் காவி நிறம் ஒட்டினால் யாரோ போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். அந்தத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸையும் அழுத்திப் பாருங்கள். அமுங்கி, கை எடுத்ததும் பழையபடி எழ வேண்டும். கட்டை மாதிரி இறுகியிருந்தாலோ, முனையில் உப்பியிருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008 வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே பெட்ரோல் ஹோஸ்களை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்று வண்டியை எடுக்கவே வேண்டாம்.

டயரில் பட்டன் இன்னும் உயரமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. அந்த வயதுக்கு மாற்றியே ஆகவேண்டும். பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அடிப்பக்கத்தில், ஜாக்கி வைக்கும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போது விற்றுவிடுங்கள். பெரும்பாலான ஜிங் வண்டிகளில் ஏர்பேக்கும் கிடையாது. குழந்தைகளோடு நான்குவழிச் சாலையில் தூரப் பயணத்துக்கு இதை எடுக்காதீர்கள். ஊருக்குள் தாராளமாக ஓட்டலாம்.

அப்பா பழைய சர்வீஸ் பில்களை எங்காவது ஒரு கவரில் எடுத்து வைத்திருப்பார். பெல்ட் மாற்றிய பில் அதில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு இந்த வாரமே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.