படி இறங்கும்போது மட்டும் இரண்டாகத் தெரிவது ஏன்?

சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படிகளில் ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது மட்டும் படிகள் இரண்டிரண்டாகத் தெரிவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கண்ணை மூடினால் சரியாகிறதா? அப்படியென்றால் என் சந்தேகம் மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகளில் நாலாவதின் மீதுதான். மூக்குப் பக்கம் திரும்பிய கண்ணைக் கீழே இறக்கும் தசை அதன் பொறுப்பு; அந்தத் தசைநாண் கிணற்றுக் கயிறு போல ஒரு கப்பியில் வளைந்து போகிறது. அந்தத் தசை தளர்ந்தால் படி இறங்குவதும் பேப்பர் படிப்பதும்தான் முதலில் சிரமமாகும். தலையைச் சாய்த்தே நடக்கிறாரா என்றும் பாருங்கள்.

ஆறாவது நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்பும். கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் மீதி நான்கு, இமையைத் தூக்குவது, கண் பாப்பாவைச் சுருக்குவது எல்லாம் மூன்றாவதின் வேலை.

சர்க்கரையால் வந்ததென்றால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், ஆனாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். இமை தொங்கி, பாப்பா விரிந்திருந்தால் மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்தலாம். கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.