அப்பத்தாவிடம் ஒட்டிக்கொண்ட மகன்

சகோதரி, திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு வேலைக்குப் போய்த் திரும்பினால், ஒன்பது மாத மகன் அப்பத்தாவின் இடுப்பைவிட்டு இறங்க மறுக்கிறான், என்னை மறந்துவிட்டானோ என்று கேட்டிருக்கிறீர்கள். மறக்கவே இல்லை. காலையில் நீங்கள் செருப்பு மாட்டியதும் வீறிட்டு அழுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாசப் பிணைப்பின் அடையாளம். இந்த வயதில் பிரிவுப் பதற்றம் இயல்பு.

ஷாஃபர், எமர்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் பிணைந்திருந்தன. பிணைப்புக்கு, உடனிருந்த நேரத்தைவிட, குழந்தையின் குறிப்பறிந்து பதில் கொடுத்ததே பெரிதாக இருந்தது. உங்கள் மாமியார் குறிப்பறிந்து வளர்க்கிறார்; அது பெரிய கொடை, மனம் வாடாதீர்கள்.

வந்ததும் பிடுங்கித் தூக்காதீர்கள். கைகால் கழுவிவிட்டு அத்தை பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அவன் 'பா பா' என்றால் நீங்களும் அதையே சொல்லி நிறுத்திவிட்டு, அவன் முறைக்குக் காத்திருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சற்று விடுங்கள். ஓய்வு கேட்கிறான், வெறுப்பில்லை. இரவுத் தாலாட்டை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவன் பார்க்காதபோது நழுவிவிடாமல், சொல்லிவிட்டே கிளம்புங்கள், அழுதாலும்.