சுண்ணாம்பு தடவுன பானை (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் பொள்ளாச்சி பக்கம் ஒரு காலேஜ்ல பிஎஸ்சி மைக்ரோபயாலஜி ரெண்டாம் வருசம். நாங்க நாலு பேரு சனிக்கிழமையானா கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் யூபி ஸ்கூலுக்குப் போறோம், ஆறாவது ஏழாவது பசங்களுக்கு நுண்ணுயிர் பத்திச் சொல்லித்தர. மென்ட்டர்னு பேட்ஜ் எல்லாம் குத்தி அனுப்பறாங்க. தயிர், இட்லி மாவு, குளத்துத் தண்ணின்னு காட்டினோம். அகார் பிளேட்ல (கிருமி வளர்க்கற தட்டு) பசங்களை விரல் வெச்சு அழுத்தச் சொல்லி, அடுத்த வாரம் மூடியத் திறந்து காட்டினப்ப ஒரே கூச்சல், ரெண்டு மூணு பேரு மோந்து வேற பாத்தாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு.

போன வாரம் ஆறாவது படிக்கற ஒரு பையன், அவங்கப்பா கள்ளு இறக்கறவரு, எந்திரிச்சு "பானைல சுண்ணாம்பு தடவுனா தெளுவு, தடவலைன்னா கள்ளு, அது ஏங்க்கா?"ன்னான் (தெளுவுன்னா பதநீர்). சுண்ணாம்பு கிருமியைக் கொன்னுரும்னு சொன்னேன். உடனே "அப்பறம் தெளுவும் வெச்சிருந்தா புளிக்குதே, செத்த கிருமி எந்திரிச்சு வந்துருச்சா?"ன்னான். கிளாசே சிரிச்சிருச்சு. எனக்குப் பதில் தெரியல, அடுத்த வாரம் சொல்றேன்னு மழுப்பிட்டு வந்துட்டேன். இதுல, கிளாஸ்ல கள்ளப் பத்திப் பேசறாங்கன்னு ஒரு அம்மா வந்து டீச்சர்கிட்ட சத்தம் போட்டுட்டுப் போயிருக்காங்க.

சிகாகோவுல வாத்து எச்சத்துல இருந்து ஒரு ஸ்கூல் பிள்ளை புதுசா ஒரு மருந்துப் பொருள் கண்டுபுடிச்சதா வந்த செய்தியை எங்க மேடம் குரூப்ல போட்டு "நம்ம அவுட்கம் என்ன?"ன்னு கேக்கறாங்க. எங்களுக்கே அரைகுறையாத்தான் தெரியும், நாங்க போயி சொல்லித்தர்றது சரியான்னே சந்தேகமா இருக்கு. நீங்க என்ன நினைக்கறீங்க?

(பேர் போட வேண்டாம்க்கா)

அம்மிணி,

முதல்ல ஒரு திட்டு இருக்கு, அதை வாங்கிக்கோ, அப்பறம் விசயத்துக்கு வருவோம். பிளேட்டைத் திறந்து காட்டினேன்னு எழுதிருக்கே பாரு, அதை இனி செய்யாதே. விரல்ல இருந்தது ஒண்ணு ரெண்டா இருந்தப்ப ஆபத்தில்ல, ஒரு வாரத்துல அது கோடிக்கணக்குல பெருகி நிக்குது, அதுல எது என்னன்னு உனக்கும் தெரியாது உங்க மேடத்துக்கும் தெரியாது, அதைப் போயி ஒரு பத்து வயசுப் பையன் மூக்குக்கிட்ட கொண்டு போறான். பசங்க தொட்டு முடிச்ச உடனே சுத்தியும் டேப் ஒட்டிரு, மூடி வழியாத்தான் பாக்கணும். உங்க லேப்ல வெக்கற மாதிரி 37 டிகிரில வெக்காதே, அது நம்ம உடம்புச் சூடு, நமக்கு நோவு குடுக்கறதுக்குத்தான் அந்தச் சூடு ரொம்பப் புடிக்கும், சும்மா அலமாரில வெச்சாலே போதும். பாத்து முடிச்சதும் குப்பைல வீசாம உங்க காலேஜுக்கே எடுத்துட்டுப் போயி ஆட்டோகிளேவ்ல (பெரிய பிரஷர் குக்கர் மாதிரிதான்), 121 டிகிரில வெச்சு எடுத்துட்டு அப்பறம் போடு. ஸ்கூல் மத்தியானச் சாப்பாட்டுக் குக்கரை மட்டும் கேட்டுராதே, அதுக்கும் ஒரு அம்மா வந்து சத்தம் போடுவாங்க, அந்தத் தடவை நானும் அவங்க பக்கம்தான்.

சரி, இப்ப அந்தப் பையன். அவன் கேட்டது சாதாரணக் கேள்வி இல்ல அம்மிணி. செத்த கிருமி எந்திரிச்சு வந்துச்சா, இல்ல தானா உண்டாச்சா, இல்ல வெளிய இருந்து வந்துச்சாங்கறதுதான் ஒரு காலத்துல ஐரோப்பாவுல பெரிய பெரிய ஆளுங்க மல்லுக்கட்டின சண்டை. லூயி பாஸ்டர் கழுத்து வளைஞ்ச கண்ணாடிக் குடுவைல சாறைக் கொதிக்க வெச்சு, காத்து போகலாம் தூசி போக முடியாதுங்கற மாதிரி பண்ணி, கெடாம நிக்க வெச்சுக் காட்டினாரு, அதுக்கு பிரெஞ்சு அறிவியல் அகாடமி 1862ல பரிசு குடுத்துச்சு. உன் கிளாஸ்ல அதே கேள்வியை ஒருத்தன் தெளுவுப் பானைய வெச்சுக் கேட்டிருக்கான், நீ வெக்கப்பட்டுட்டு பஸ் ஏறி வந்துட்டே.

சுண்ணாம்பு விசயத்துல நீ சொன்னது முழுத் தப்பில்ல, ஆனா கொல்லுதுங்கறது சரியான வார்த்தை இல்ல. மரத்துல இருந்து வடியற பதநீல நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பங்கு சக்கரை, அதைப் புளிக்க வெச்சுக் கள்ளாக்கற ஈஸ்ட்டுங்கற நுண்ணுயிருக்கு அது கல்யாண விருந்து. அந்த ஈஸ்ட் எங்கிருந்து வருதுன்னா பாளைல இருந்து, சீவற கத்தில இருந்து, வாசம் புடிச்சு வர்ற ஈ தேனீ குளவி கால்ல இருந்து. எல்லாத்துக்கும் மேல பானைல இருந்தே வருது, மண்பானைல ஓட்டை ஓட்டையா இருக்கும், எத்தனை கழுவினாலும் நேத்து ஆளுங்க அதுக்குள்ள ஒளிஞ்சிருப்பாங்க. ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் புளிப்பான இடம்தான் சௌகரியம், சுண்ணாம்பு அந்த இடத்தைப் புளிப்புக்கு நேரெதிரா, காரத்தன்மையா ஆக்கி ஈஸ்ட்டோட கையக் காலக் கட்டிப் போட்டுருது. சிலது சாகும், பலது சும்மா கெடக்கும். அப்பறம் நேரமாக ஆக, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடும், தப்பிச்ச பாக்டீரியா மெதுவா உண்டாக்கற அமிலமும் சேந்து சுண்ணாம்பைத் தின்னு தீத்துரும், கட்டு அவுந்த உடனே ஈஸ்ட் எந்திரிச்சு வேலைக்குப் போயிரும். எந்திரிச்சு வந்துருச்சான்னு அவன் கேட்டானே, பாதி சரியாத்தான் கேட்டிருக்கான்!

ஆனா இதை அப்படியே போயி ஒப்பிச்சிராதே. எனக்கு இது தெரியல, நாம செஞ்சு பாக்கலாமான்னு கேளு. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நாலு எடுத்துக்கோ, கண்ணாடி வேண்டாம். முதல் மூணுலயும் வெல்லத்தண்ணி, கடைல விக்கற பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகை. முதல் பாட்டில்ல வேற ஒண்ணும் இல்ல, ரெண்டாவதுல வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு மொளகு அளவு, மூணாவதுல சுண்டைக்காய் அளவு. நாலாவதுல ஈஸ்ட் சேக்காம வெல்லத்தண்ணிய மட்டும் கொதிக்க வெச்சு ஆறவிட்டு ஊத்தி வை. வாயில மூடிக்குப் பதில் பலூன். அப்பறம் மஞ்சத்தூளைக் கரைச்சு வெள்ளைக் காயிதத்துல பூசிக் காய வெச்சு துண்டு துண்டா வெட்டிக்கோ, அதை முக்கினா சுண்ணாம்பு இருக்கற தண்ணி செவப்பாக்கும், ஆரத்தி கரைக்கறது பாத்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்ல. சனிக்கிழமை மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது, டீச்சரைக் கேட்டு தினம் ரெண்டு பிள்ளைகளை முக்கிப் பாத்து எழுதச் சொல்லு. செவப்பு எந்த நாள் மங்குது, பலூன் எந்த நாள் தூக்குது, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாளுன்னு அவிங்களே கண்டுபுடிப்பாங்க. சுண்டைக்காய் அளவு பாட்டில் எந்திரிக்கவே இல்லைன்னா அதையும் எழுதட்டும்.

இதுல ஒரு கோளாறு இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். பலூன் தூக்கலைன்னா ஈஸ்ட் வேலை செய்யலைன்னு உடனே முடிவு கட்டிராதே, வர்ற வாயுவைச் சுண்ணாம்பே குடிச்சிரும். நானா இருந்தா இதைப் பசங்ககிட்ட முதல்ல சொல்ல மாட்டேன், தனியா ஒரு தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி கிளாஸ்ல ஒருத்தனை ஸ்ட்ரா வெச்சு ஊதச் சொல்லுவேன் (உறிஞ்சக் கூடாது, பக்கத்துலயே நில்லு), தண்ணி வெள்ளையா கலங்கும், அப்பறம் "பாட்டில் விசயம் என்னடா?"ன்னு கேப்பேன். ஈஸ்ட் நிஜமா எந்திரிச்சிருக்கான்னு பாக்க மைக்ரோஸ்கோப் வேணும், முட்டை முட்டையா மொட்டு விட்டுட்டு நிக்கும்.

மைக்ரோஸ்கோப்னதும் என் கதை. நான் ஏழாவது படிக்கறப்ப, இதே பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காதான், காலேஜ் பசங்க கேம்ப் போட்டு ஒரு மைக்ரோஸ்கோப் கொண்டாந்தாங்க. அறுபது பேரு வரிசை. ஆளுக்கு ஒரு செகண்டு, கண்ணை வெச்சு "தெரிஞ்சுதா"ன்னு கேப்பாங்க, "தெரிஞ்சுது"ன்னுட்டு நகரணும். எனக்குத் தெரிஞ்சது கறுப்பா வளைஞ்சு நாலஞ்சு கம்பி. அதுதான் கிருமின்னு நெனச்சுட்டு வீட்டுல போயி அம்மாகிட்ட படமே வரைஞ்சு காட்டினேன். டிப்ளமோ முடிச்சு லேப் டெக்னீசியனா வேலைக்குச் சேந்து ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள்தான் விளங்குச்சு, அது என் கண் இமை முடி. அந்த அக்காங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நல்ல மனசாத்தான் வந்தாங்க, ஆனா ஒருத்தர்கூட "என்ன தெரிஞ்சுது, சொல்லு"ன்னு கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே சிரிச்சுட்டுத் திருத்திருப்பாங்க. நீ கேளு. வரையச் சொல்லு. செல்போன் கேமராவ லென்சுல ஒட்டி வெச்சு ரெண்டு பேரும் சேந்து பாருங்க. மனு பிரகாஷ்ங்கற விஞ்ஞானி 2014ல கொண்டாந்த ஃபோல்ட்ஸ்கோப்னு ஒரு காயித மைக்ரோஸ்கோப் இருக்கு, 140 மடங்கு பெருசாக் காட்டும், குளத்துத் தண்ணில ஓடறதெல்லாம் நல்லாவே தெரியும். உங்க காலேஜ்ல காசு இருந்தா பேட்ஜுக்குப் பதில் அதை வாங்கச் சொல்லு.

அரைகுறையாத் தெரியும்னு வருத்தப்படறே. எனக்கென்னமோ அதுதான் உன்கிட்ட இருக்கற சரக்குன்னு தோணுது. ஐம்பது வயசு வாத்தியார்கிட்ட அந்தப் பையன் கள்ளுப் பானையப் பத்திக் கேட்டிருப்பானா? மாஷ் ஏதாச்சும் நெனச்சுக்குவாருன்னு வாய மூடிட்டு உக்காந்திருப்பான். உனக்கும் அவனுக்கும் எட்டு வயசு வித்தியாசம், நீ அவன் வீட்டு அக்கா மாதிரி, அதனால கேட்டான். கேட்ட அக்காவுக்கும் தெரியலைன்னா இது புஸ்தகத்துல இல்லாத சமாச்சாரம்னு அவனுக்குப் புரியும். மழுப்பினா மட்டும்தான் கெட்டுப் போகும்.

சிகாகோ சமாச்சாரத்துக்கு வர்றேன். உங்க மேடம் போட்ட செய்தியத் தலைப்போட விட்டுராம உள்ள படி. அங்க இல்லினாய் யுனிவர்சிட்டிக்காரங்க, பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப்ங்கற சிறுவர் மன்றத்துப் பிள்ளைகளோட சேந்து, ஊருக்குள்ள மண்ணு எச்சம்னு அள்ளிட்டு வந்து அதுல ஆன்டிபயாட்டிக் சுரக்கற பாக்டீரியா இருக்கான்னு தேடினாங்க. ஒரு பிள்ளை கொண்டாந்த வாத்து எச்சத்துல சூடோமோனாஸ் வகைல ஒண்ணு சிக்குச்சு, மத்த கிருமிய வளர விடாமத் தடுத்துச்சு. அதுல இருந்து "ஓர்ஃபமைட் N"னு புதுசா ஒரு மூலக்கூறும் கெடைச்சுது. ஆனா சோதிச்சுப் பாத்தா கிருமியத் தடுத்தது அந்த மூலக்கூறு இல்ல! அது லேப்ல வளர்த்த சில புற்றுநோய் செல்லுகளோட வளர்ச்சியைத்தான் கொறைச்சுது. தேடினது ஒண்ணு, கெடைச்சது வேற. மருந்தாகறதெல்லாம் எங்கயோ தூரத்துல இருக்கு. கூட அள்ளிட்டு வந்த மத்த பிள்ளைகளுக்கெல்லாம் செய்தில எடம் இல்ல, அவிங்களும் அதே மாதிரி அள்ளிட்டு வந்து பிளேட்ல தேச்சவிங்கதான். இதை அவுட்கம்னு வெச்சுட்டு நாலு சனிக்கிழமைல உன்னைக் கேட்டா, மேடத்துக்கு அவசரம், அவ்வளவுதான்.

அந்தச் செய்தில எனக்குப் புடிச்சது வேற. 2024 கடைசில வந்த அந்த ஆராய்ச்சிக் கட்டுரைல எச்சம் அள்ளிட்டு வந்த பிள்ளை பேரையும் எழுதினவங்க பட்டியல்ல போட்டிருக்காங்க. இது எல்லா எடத்துலயும் நடக்கறதில்ல. 1943ல ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு வேலை செஞ்ச முதல் ஆன்டிபயாட்டிக், அதை மண்ணுல இருந்து பிரிச்சு எடுத்தது ஆல்பர்ட் ஷாட்ஸ்னு 23 வயசு மாணவர், 1952ல நோபல் வாங்கினது அவரோட புரபசர் வாக்ஸ்மன் மட்டும். கோர்ட்டு வரைக்கும் போன கதை. அதனால நீ ரிப்போர்ட் எழுதறப்ப, பானைக் கேள்வி கேட்டது யாருன்னு அந்தப் பையன் பேரைப் போடு, தினம் காயிதம் முக்கின பிள்ளைக பேரையும் போடு. "மாணவர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதுவாங்களே, அதை எழுதினேன்னு தெரிஞ்சா நான் உனக்கு அடுத்த கடிதத்துக்குப் பதில் போட மாட்டேன்.

கடைசியா அந்த அம்மா. அவங்க சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்குத் தடை, இந்தப் பக்கம் சித்தூர் தாலுக்கால இருந்து விடியக்காலைல வண்டி வண்டியாக் கேரளா பூரா போகுது, கோபாலபுரத்துல ரோட்டைத் தாண்டினா தப்பு சரியாகிருது, சரி தப்பாகிருது. பெத்தவங்களுக்கு இந்த எல்லையெல்லாம் கணக்கில்ல, எத்தனையோ வீட்டுல கள்ளுனால பட்ட பாடு இருக்கும். அதனாலதான் வெல்லத்தண்ணி சொன்னேன், அதுவும் புளிச்ச பின்னாடி ஒருத்தனும் வாய்ல வெக்கக் கூடாது, கண்டிப்பாச் சொல்லிரு. ஆனா அந்தப் பையன் முன்னாடி கள்ளுங்கறதே அசிங்கமான வார்த்தை மாதிரி ஒதுக்கிராதே, அது அவங்கப்பா தொழில். அவரு விடியறதுக்கு முன்னாடி மரம் ஏறி எறங்கறவரு. முடிஞ்சா அவரையே ஒரு சனிக்கிழமை கிளாசுக்குக் கூப்புடு, காலிப் பானை ஒண்ணும் சீவற கத்தியும் கொண்டாரச் சொல்லு, எவ்வளவு சுண்ணாம்பு, எந்த மாசம் கூட, மழை பேஞ்சா என்ன பண்ணுவாருன்னு பசங்க கேக்கட்டும். டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு, சத்தம் போட்ட அந்த அம்மாவையும் வரச் சொல்லு.

பாட்டில் வெக்கற அன்னைக்கு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. வெயில் சூட்டுக்குப் பலூன் நீ நெனைக்கறதை விட சீக்கிரம் எந்திரிக்கும், பெஞ்சு மேல வெக்காம ஒரு பக்கெட்டுக்குள்ள வை.