குறை தீரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2013 மாடல் சின்ன கார். அடிப்படை வேரியன்ட், ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எதுவும் கிடையாது. மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறேன். ஆன்ரோடு 12 லட்சம் வரை போகலாம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும், அதில் பாதி சென்னை, கோவை நெடுஞ்சாலைப் பயணம். அப்பாவுக்கு 74 வயது, மூட்டுவலி. மனைவியும் ஓட்டுவார், அவருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். ஓட்டிப் பார்த்ததில் எனக்கு ஸ்கோடா கைலாக் பிடித்தது. சிட்ரோன் பசால்ட்டின் பின் சீட்டை விட்டு அப்பாவுக்கு இறங்கவே மனமில்லை. ஆனால் எதை எடுத்தாலும் ஒரு குறை. ஸ்கோடாவுக்குப் பராமரிப்புச் செலவு குறைவாக இருந்து, கியர்பாக்ஸ் பயமும் இல்லாவிட்டால் வாங்குவேன். பக்கத்தில் சர்வீஸ் இருந்தால் சிட்ரோன் வாங்குவேன். சில்லறைக் கோளாறுகளும் சர்வீஸ் புலம்பலும் இல்லாவிட்டால் டாடா. தகடு கெட்டியாக இருந்தால் மாருதி. டயர் சத்தம் உள்ளே வராவிட்டால் ஹோண்டா. இழுவை கொஞ்சம் கூடினால் ரெனோ. மாருதிக்கும் டாடாவுக்கும் எங்கள் ஊரிலேயே சர்வீஸ் இருக்கிறது. ஸ்கோடாவுக்கும் சிட்ரோனுக்கும் 80 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போக வேண்டும். இவர்கள் குறைகளைச் சரிசெய்யும்வரை இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாமா?

— வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: பொறுக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு கம்பெனிகளின் குறைகளை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறையும்விடப் பெரிய குறை உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதே வருடம் ஜூலையில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது, 2021 முடிவதற்குள் முன் சீட்டு இரண்டுக்கும் கட்டாயமாகிவிட்டது. உங்கள் 2013 வண்டியில் இவை எதுவும் இல்லை. அதில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் சென்னைக்குப் போய் வருகிறீர்கள். இந்த இரண்டு வருடம் அப்படித்தான் போயிருக்கிறது. இன்னொரு வருடம் வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். "அது மட்டும் சரியாக இருந்தால் வாங்குவேன்" என்று கார் தேடுகிற எல்லோருமே சொல்கிறோம். அப்படிச் சொல்கிற குறைகளில் பாதி ஏற்கெனவே சரியாகிவிட்டவை. சேதிதான் நமக்கு வந்து சேரவில்லை. மாருதியையே பாருங்கள். 2022 கடைசியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் தருகிற குளோபல் என்கேப் சோதனையில் ஸ்விஃப்ட், இக்னிஸ், எஸ்-பிரஸ்ஸோ மூன்றும் ஒரு நட்சத்திரம் வாங்கின. அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2024 நவம்பரில் புதிய டிசையர் அதே சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, அதுவும் மாருதியிலேயே முதல் முறையாக. ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. தகடு கெட்டியா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மோதலைத் தாங்குவது உள்ளே இருக்கிற தூண்களும் சட்டகமும்தான், வெளித்தகடு வெறும் போர்வை. அதே சமயம் டிசையர் வாங்கிய நட்சத்திரத்தை மாருதி முழுவதற்கும் ஒட்டிவிடாதீர்கள். வேகன்-ஆர் 2023-ல் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. கம்பெனி பெயரை விட்டுவிட்டு, எந்த மாடல், எந்த வருடச் சோதனை என்று கேளுங்கள்.

இது மாருதிக்கு மட்டுமான கதை இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் முதன்முதலில் இந்தியக் கார்களை மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கே பூஜ்யம்தான் கிடைத்தது. உடனே எல்லா போலோவிலும் இரண்டு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கினார்கள், நான்கு நட்சத்திரம் வந்தது. ஜெர்மன் வண்டி என்றாலே பாதுகாப்பு என்று நாம் நம்புவதற்கும், மாருதி என்றாலே பயப்படுவதற்கும் ஒரே காரணம்தான்: காதில் விழுந்ததை வைத்து முடிவு செய்கிறோம்.

அடுத்து ஸ்கோடா. உங்கள் கியர்பாக்ஸ் பயம் வேறொரு கியர்பாக்ஸைப் பற்றியது. நம் ஊரில் பெயர் கெட்டது ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக். அதில் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் இரண்டு. நின்று நின்று ஊர்கிற போக்குவரத்தில் அவை சூடேறும், அதோடு கியரை மாற்றுகிற மெக்கட்ரானிக்ஸ் பாகமும் சில வண்டிகளில் பழுதாகிப் பெரிய செலவு வைத்தது. அந்த பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனால் நீங்கள் ஓட்டிப் பார்த்த கைலாக்கில் டிஎஸ்ஜி கிடையவே கிடையாது. அதில் இருப்பது ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், பழைய, பழகிய தொழில்நுட்பம். கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துவதால் நெரிசலில் பொறுமையாக ஊர்ந்து போகும். உங்கள் மனைவி ஊருக்குள் ஓட்டுவதற்கு இதுதான் தோது. இந்திய அரசின் மோதல் சோதனையான பாரத் என்கேப்பிலும் கைலாக் ஐந்து நட்சத்திரம்.

பராமரிப்புச் செலவைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஃபோர்டு நினைவுக்கு வராமல் இருக்காது. சென்னைக்காரர்களுக்கு அது வெறும் கார் கம்பெனி இல்லை, மறைமலை நகரில் எத்தனையோ குடும்பங்களின் சாப்பாடு. ஃபோர்டு ஸ்பேர் விலை அதிகம் என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் உண்மையும் இருந்தது. ஒரு சின்னப் பாகம் போனாலும் முழு அசெம்பிளியையே மாற்றச் சொல்வார்கள். பிறகு அவர்களே விழித்துக்கொண்டு, உள்பாகங்களைத் தனித்தனியாக விற்க ஆரம்பித்தார்கள், சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே வெளியிட்டார்கள், ஸ்பேரை வெளிக்கடைகளுக்கும் கொண்டுபோனார்கள். குறை பெரும்பாலும் தீர்ந்தது. பெயர் மட்டும் தீரவே இல்லை. பத்து வருடத்தில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஈக்கோஸ்போர்ட்டின் கதவு 'டொப்' என்று மூடுகிற சத்தத்தை இன்றும் சிலாகிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அன்றைக்கு "ஸ்பேர் விலை மட்டும் குறைந்தால் வாங்குவேன்" என்று காத்திருந்தவர்கள். நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

அதனால் ஸ்கோடா செலவைப் பற்றி மாமா சொன்னார், மெக்கானிக் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து ஐந்து பாகங்களின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முன் பம்பர், ஒரு ஹெட்லைட், முன் பிரேக் பேட், ஏசி கம்ப்ரசர், பக்கவாட்டுக் கண்ணாடி. அதே ஐந்தை டாடா நெக்ஸானுக்கும் மாருதி டிசையருக்கும் கேளுங்கள். வித்தியாசம் கையில் வந்துவிடும். ஸ்கோடாவுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு சர்வீஸ். உங்கள் ஓட்டத்துக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் மதுரை. மீனாட்சி அம்மனையும் பார்த்துவிட்டு வரலாம், அந்த 80 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் சிட்ரோனுக்கும் அதே 80 கிலோமீட்டர்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பசால்ட் எனக்கும் பிடித்த வண்டி. நம் திருவள்ளூரில் தயாராகிறது, இன்ஜின் ஓசூரில். மேடு பள்ளத்தை அது விழுங்கிப் போகிற விதத்துக்கு இந்த விலையில் ஈடு இல்லை. பின் சீட்டில் தொடையைத் தாங்கும் பகுதியை உயர்த்தி இறக்கலாம். அப்பாவுக்கு ஏன் பிடித்தது என்பது அதிலேயே தெரிகிறது. மூட்டுவலிக்காரர்களுக்குத் தொடை அந்தரத்தில் நிற்காமல் தாங்கினாலே பாதி வலி இல்லை. கம்பெனியும் காது கொடுத்துக் கேட்கிறது. 2022-ல் சிட்ரோனின் சின்ன கார் சி3 வந்தபோது இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டர்கூட இல்லை. பின் கண்ணாடிக்கு வைப்பர் இல்லை. பின் ஜன்னல் ஸ்விட்ச் கதவில் இல்லாமல் முன் சீட்டுகளுக்கு நடுவே இருந்தது. ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். 2024-ல் சி3-க்கு ஆறு ஏர்பேக், ஆட்டோ ஏசி, கதவிலேயே ஸ்விட்ச் எல்லாம் வந்துவிட்டன. பசால்ட்டில் இல்லை என்று குறைபட்ட குரூஸ் கண்ட்ரோலும் 2025-ல் பசால்ட் எக்ஸ் வழியாக வந்தது. பாரத் என்கேப்பில் பசால்ட்டுக்கு நான்கு நட்சத்திரம்.

ஆனாலும் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்கிறேன். வருடாந்திர சர்வீஸ் தூரத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நாளைக்கு ஒரு டூவீலர் வந்து இடித்து ஹெட்லைட்டும் ஃபெண்டரும் நொறுங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. ஸ்கோடா 2001-லிருந்து இங்கே இருக்கிறது. கைலாக்கின் ஒரு லிட்டர் டர்போ இன்ஜின்தான் ஸ்கோடாவின் குஷாக், ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகனின் டைகூன், விர்டஸ் எல்லாவற்றிலும் ஓடுகிறது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த வெளி மெக்கானிக்குகள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் கிடைப்பார்கள். சிட்ரோன் இங்கே விற்க ஆரம்பித்தது 2021-ல், ரோட்டில் இருக்கிற வண்டிகள் குறைவு. வண்டிகள் குறைவாக இருந்தால் டீலர் ஸ்பேரை வாங்கி அடுக்க மாட்டார், வெளி மெக்கானிக்கும் கற்றுக்கொள்ள மாட்டார். டேக்கோமீட்டர் இல்லாத குறையை கம்பெனி ஆறே மாதத்தில் தீர்க்க முடியும். இந்தக் குறை தீர ஆயிரக்கணக்கானவர்கள் வாங்க வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர், வீட்டில் இரண்டாவது வண்டி இருப்பவர் என்றால் நானே பசால்ட் வாங்கச் சொல்வேன். உங்களுக்கு இருப்பது ஒரே வண்டி, வீட்டில் வயதானவர் இருக்கிறார்.

டாடாவைப் பொறுத்தவரை உங்கள் புலம்பலில் உண்மை உண்டு, ஆனால் அது ஊருக்கு ஊர் மாறும். குறையைத் திருத்தத் தெரிந்த கம்பெனி அது. 1998 கடைசியில் இண்டிகா வந்தபோது கேட்காத புகார் இல்லை. அவற்றைச் சரிசெய்து 2001-ல் வி2 என்று கொண்டுவந்தார்கள், அதன் பிறகு எந்த டாக்ஸி ஸ்டாண்டைப் பார்த்தாலும் இண்டிகாதான். நெக்ஸான் 2018-லும் ஐந்து நட்சத்திரம், சோதனை கடுமையாக்கப்பட்ட பிறகு 2024-லும் ஐந்து. திரை உறைந்துபோவது, சென்சார் விளக்கு சும்மா எரிவது போன்ற தொல்லைகள் வந்தால் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பின் கையில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் நில்லுங்கள். வண்டி எடுக்க வந்தவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதே வேலைக்கு எத்தனையாவது தடவை வருகிறீர்கள்?" நான்கைந்து பேரைக் கேட்டாலே நிலவரம் தெரியும்.

ஹோண்டாவின் டயர் சத்தத்தை நல்ல டயர் போட்டுக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் புது வண்டி வாங்கிவிட்டு உடனே டயருக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. ரெனோ என்று நீங்கள் எழுதியது டிரைபர் என்றால், 72 குதிரைத்திறனில் ஏழு பேரோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்கத்தான் செய்யும். அதை நீங்கள் எந்த வழியிலும் மாற்ற முடியாது. விட்டுவிடுங்கள்.

ஆக, கைலாக் ஆட்டோமேட்டிக். ஆனால் ஒரு நிபந்தனை: அப்பாவை அழைத்துப் போய், பின் சீட்டில் உட்கார வைத்து அரை மணி நேரமாவது சுற்றுங்கள். பசால்ட்டின் பின் சீட்டு அகலமும் தொடைத் தாங்கலும் இதில் கிடைக்காது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டி, பின்னால் இரண்டு பேர் என்றால்தான் தாராளம். அவர் முன் சீட்டையும் முயன்று பார்க்கட்டும். நீங்கள் கை கொடுக்காமல் அவரே ஏறி இறங்குகிறாரா என்று கவனியுங்கள். அவருக்குச் சிரமம் என்றால் நெக்ஸான் ஆட்டோமேட்டிக்குக்குப் போய்விடுங்கள், அதுவும் உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் சனிக்கிழமைத் தேர்வில் தேறினால் மட்டும். டிசையர் எல்லாவற்றிலும் நிம்மதியான வண்டிதான், ஆனால் தாழ்வான செடான். மூட்டுவலியோடு குனிந்து ஏறி இறங்குவது தினம் தினம் வேதனை.

விலையிலும் ஒரு விஷயம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருக்கும் 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. கைலாக்கும் பெட்ரோல் நெக்ஸானும் இதில் வரும். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. ஷோரூம் விலை 9.9 லட்சமா, 10.2 லட்சமா என்பதில் வரி மட்டுமே 50,000 ரூபாய்க்கு மேல் மாறும். ஆகவே சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். மிச்சமாகிற பணத்தில் நீட்டிக்கப்பட்ட வாரண்டியையும், தேய்மானம் கழிக்காத இன்சூரன்ஸையும் எடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது மதுரை ஒர்க்‌ஷாப் அந்த கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்றும், வண்டி நின்றுவிட்டால் உங்கள் ஊரிலிருந்து மதுரைவரை இழுத்துப் போகும் செலவை ரோடு அசிஸ்டன்ஸ் முழுவதும் ஏற்கிறதா என்றும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.