சார்காய்டோசிஸ் இருந்தால் வைட்டமின் டி சாப்பிடலாமா?

எனக்கு நுரையீரலில் சார்காய்டோசிஸ் இருக்குதுங்க. உடம்பு வலிக்கு ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி 11 தான். வேறொரு டாக்டர் வாரம் 60,000 யூனிட் எழுதியிருக்கிறார். சாப்பிடலாமுங்களா? (கோபி)

கால்சியம் பார்க்காமல் ஒரு பொட்டலம்கூடப் பிரிக்காதீர்கள். வைட்டமின் டி-யைக் கடைசிக் கட்டத்தில் வீரியமாக்குவது சிறுநீரகம். அளவு மீறாமல், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் கவனித்துக்கொள்ளும். சார்காய்டோசிஸ் என்பது வெள்ளணுக்கள் கூடி, நுரையீரல் போன்ற உறுப்புகளில் சிறு கட்டிகளாகத் திரளும் நோய். அந்த வெள்ளணுக்களும் சிறுநீரகத்தின் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் அவற்றுக்குக் கடிவாளம் கிடையாது. வீரியமான டி பெருகினால், குடல் சாப்பாட்டிலிருக்கும் கால்சியத்தை அளவுக்கு மேல் உறிஞ்சும். உங்கள் 11 என்பது இருப்பிலுள்ள டி மட்டும். அது வீரியமான டி-யாக வேகமாக மாறிக்கொண்டே இருப்பதாலும் இருப்பு குறைந்து தெரியலாம். கால்சியம், ஆல்புமின், கிரியேட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், அவற்றோடு 1,25 டைஹைட்ராக்ஸி வைட்டமின் டி (வீரியமான டி இதுதான்) பார்க்கச் சொல்லுங்கள். 60,000 எழுதியவருக்கு உங்கள் நுரையீரல் ஃபைல் தெரியுமா என்பதுதான் என் கவலை.

அம்மாவுக்கு இதே நோய், கால்சியம் 11.8. தினமும் ராகிக் களி இல்லாமல் முடியாதுங்க. (காங்கயம்)

நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அளவு இறங்கும்வரை களிக்குப் பதில் சோறு, கம்பு போதும். எள்ளுருண்டையும் வேண்டாம். பாலை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டில் கால்சியம் மிகவும் குறைந்தால் சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் சேரும். இளநீர் குடிப்பதானால், சிறுநீரகம் சரியாக இருக்கிறதென்று தெரிந்த பிறகு.

மஞ்சள் காயவைக்கும் களத்தில் நாள் முழுக்க வேலை. வெயில் ஆகாதா? (ஈரோடு பக்கம் ஒரு கிராமம்)

தோலில் வெயில் பட்டால் டி உண்டாகும், ஆகையால் கால்சியம் ஏறலாம். வேலையை விடச் சொல்ல எனக்கு மனசில்லை. முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, உச்சி வெயிலில் நிழல். ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை கால்சியம் பாருங்கள்.

ஓயாத தாகம், ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு, மலச்சிக்கல், அசதி. சர்க்கரை இல்லை என்கிறார்கள். (பல்லடம்)

சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு இவையெல்லாம் சேர்ந்து வந்தால் நாளை காலையிலேயே கால்சியம் பார்க்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ இன்றே ஆஸ்பத்திரி. கவனிக்காமல் விட்டால் கல் மட்டுமல்ல, சிறுநீரகமே கெடும். பிரஷருக்குத் தையசைடு வகை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அது கால்சியத்தை ஏற்றும்.

ஸ்டீராய்டு ஆரம்பித்தால் கால்சியம் குறையுமா? (பொள்ளாச்சி)

பெரும்பாலும் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். ஆனால் ஸ்டீராய்டோடு எலும்புக்கென்று கால்சியம், டி சேர்ந்த மாத்திரையும் வழக்கமாக எழுதுவார்கள். உங்கள் சீட்டில் அது இருந்தால் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள்.